குழந்தையோடு உட்காரவும் காசா?

பயணப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான், கணவர், 5 வயது மகள், 9 வயது மகன் என நான்கு பேர் சென்னையிலிருந்து டெல்லி போகிறோம். டிக்கெட் போட்டபோது சீட் எடுக்கவில்லை. இப்போது வெப் செக்-இன் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு சீட்டின் மேலும் ஒரு விலை எழுதியிருக்கிறது. கட்டாவிட்டால் பிள்ளைகளைத் தனியாகப் போட்டுவிடுவார்களா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பிள்ளைகளை நினைத்துப் பயந்து கட்ட வேண்டாம். இந்திய விமான நிறுவனங்களைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் இதற்கென்றே உத்தரவு போட்டிருக்கிறது. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவருடனாவது சேர்த்து சீட் ஒதுக்க வேண்டும். ஒதுக்கியதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும். விருப்பமான சீட், சாப்பாடு போன்றவற்றுக்குத் தனிக்காசு வாங்கவும் டி.ஜி.சி.ஏ. அனுமதிக்கிறது. ஆனால் பயணியே 'வேண்டும்' என்று தேர்ந்தெடுத்தால்தான் வாங்கலாம். ஆக, ஜன்னலுக்கு விலை வைப்பதில் தப்பில்லை. விலை கொடுக்கவில்லை என்பதற்காக ஐந்து வயதுப் பிள்ளையை ஆறு வரிசை தள்ளிப் போடுவதுதான் தப்பு.

'ஒருவருடனாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். மகள் உங்களோடு 8-ஆம் வரிசையில், மகன் அப்பாவோடு 24-ஆம் வரிசையில் என்று போட்டாலும் விதி மீறப்படவில்லை. நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து முறுக்கு சாப்பிட்டுக்கொண்டே போவதற்கு இந்த உத்தரவு உத்தரவாதம் தரவில்லை. அது வேண்டுமென்றால்தான் காசு.

இனி செய்ய வேண்டியது. உள்நாட்டு விமானங்களுக்கு வெப் செக்-இன் பெரும்பாலும் 48 மணி நேரம் முன்பே திறந்துவிடும். திறந்ததும் உள்ளே போய் நான்கு பெயர்களையும் ஒரே நேரத்தில் டிக் செய்யுங்கள். கைபேசி வைத்திருப்பவர் தன் பெயரை மட்டும் டிக் செய்து முடித்துவிட்டு, மற்றவர்களுக்கு ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுண்டு. குடும்பங்கள் பிரிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அவருக்கு ஒதுக்கிய சீட்டின் பக்கத்து சீட் அதற்குள் போய்விடும்.

சீட் படம் வந்ததும் விலை பூஜ்யம் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். பின் வரிசைகளில், நடு சீட்டாக, சில இருக்கலாம். இல்லையென்றால் பக்கத்தின் ஓரத்தில் வெளிறிய எழுத்தில் 'ஸ்கிப்' என்றோ, 'தானாக ஒதுக்கு' என்ற பொருளிலோ ஒரு சொல் இருக்கும். காசு கட்டும் பொத்தான் பளிச்சென்று இருக்கும். 'ஸ்கிப்' கண்ணில் படாமல் இருக்கும். அதைத்தான் அழுத்த வேண்டும். போர்டிங் பாஸ் வந்தவுடன் நான்கு எண்களையும் பாருங்கள். பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருந்தால் வேலை முடிந்தது.

பிரிந்திருந்தால் அன்றைக்கே வாடிக்கையாளர் சேவை எண்ணில் கூப்பிட்டு, பி.என்.ஆரையும் பிள்ளையின் வயதையும் சொல்லி, மாற்றித் தரக் கேளுங்கள். அங்கே நடக்கவில்லையென்றால் விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய், தானியங்கி இயந்திரத்துக்குப் போகாமல் ஆள் இருக்கும் கவுன்ட்டருக்குப் போங்கள். இணையத்தில் நமக்குக் காட்டாமல் பிடித்து வைத்திருக்கும் சீட்கள் சில அவர்கள் திரையில் இருக்கும். 'டி.ஜி.சி.ஏ. விதிப்படி 12 வயது வரையுள்ள குழந்தை, ஒரே பி.என்.ஆர்.' என்று இரண்டே வரியில் சொல்லுங்கள். கவுன்ட்டரைத் தாண்டி, விமானம் ஏறும் வாசலுக்குப் போனால் வாய்ப்பு பாதியாகும். விமானத்துக்குள் ஏறிய பிறகு பணிப்பெண்ணிடம் கேட்டால், அவர் இன்னொரு பயணியிடம் கெஞ்சுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: நான்கு டிக்கெட் ஒன்றாகப் போட்டால் விலை கூடுதலாகவும், இரண்டிரண்டாகப் போட்டால் குறைவாகவும் காட்டியது. அதனால் நானும் மனைவியும் ஒரு பி.என்.ஆர்., 7 வயது மகனும் என் அம்மாவும் இன்னொரு பி.என்.ஆர். என்று போட்டுவிட்டேன். சரிதானே?
— வாசகர், ஈரோடு

பதில்: கணக்கு சரி, ஆட்களைப் பிரித்ததில்தான் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

விலை மாறுவதற்குக் காரணம் இது. ஒரே விமானத்தின் சீட்களைப் பல விலை அடுக்குகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான அடுக்கில் இரண்டே சீட் மிச்சமிருக்கும்போது நீங்கள் நான்கு கேட்டால், கணினி நான்கையுமே அடுத்த அடுக்கின் விலைக்குத் தூக்கிவிடும். இரண்டிரண்டாகக் கேட்டால் முதல் இருவருக்கு மலிவு விலை கிடைக்கும். இப்படிப் பிரித்துப் போடுவதில் தவறில்லை.

ஆனால் விதி ஒரே பி.என்.ஆர். என்பதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மகன் பாட்டியோடு ஒரே பி.என்.ஆரில் இருக்கிறான், பாட்டி பாதுகாவலராக இருப்பதால் அவர் பக்கத்தில் சீட் கேட்கலாம். உங்கள் பக்கத்தில் வேண்டும் என்று கேட்க முடியாது. பாட்டிக்கே துணை தேவைப்படும் என்றால் அந்த ஏற்பாடு தலைகீழ். பிரிக்கும்போது ஒவ்வொரு பி.என்.ஆரிலும் குழந்தையைக் கவனிக்கக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். குழந்தை மட்டும் தனி பி.என்.ஆரில் இருக்கவே கூடாது. கணினிக்கு அது துணையில்லாமல் போகும் சிறுவனாகத் தெரியும், கவுன்ட்டரில் சிக்கலாகும்.

ஒரு பி.என்.ஆரை இரண்டாகப் பிரிக்க முடியும். இரண்டை ஒன்றாக ஒட்டுவது பொதுவாக நடக்காது. சேவை எண்ணில் கூப்பிட்டு, இரண்டும் ஒரே குடும்பம் என்று ஒன்றில் மற்றொன்றின் எண்ணைக் குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். விதிமுறைப் பலம் அதற்கு இல்லை. கவுன்ட்டரில் இருப்பவர் அதைப் பார்த்து உதவக்கூடும், அவ்வளவுதான்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. முதல் முறை விமானம். அவனையும் என் பக்கத்தில் தர வேண்டாமா?
— வாசகி, கடலூர்

பதில்: விதிப்படி வேண்டாம். இந்தியாவில் எல்லை 12. தனியே உட்கார்ந்தால் கைபேசியில் நாலு படம் பார்த்துவிட்டு இறங்குவான். பயம் உங்களுக்கா, அவனுக்கா என்று முடிவு செய்துகொண்டு காசைக் கட்டுங்கள்.

கேள்வி: 11 மாத இரட்டைக் குழந்தைகள். மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். மூன்று சீட் வரிசையில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் சீட் எடுத்துக் காசும் கட்டினோம். கவுன்ட்டரில் மாற்றச் சொல்கிறார்கள் என்று உறவினர் பயமுறுத்துகிறார்.
— வாசகர், திருச்சி

பதில்: உறவினர் சொல்வது சரி. மாற்றத்தான் சொல்வார்கள், இது ஆக்சிஜன் சங்கதி.

ஏர்பஸ் ஏ320, போயிங் 737 மாதிரியான விமானங்களில் நடைபாதைக்கு இந்தப் பக்கம் மூன்று சீட், அந்தப் பக்கம் மூன்று சீட். மூன்று சீட்டுக்கு மேலே பெரும்பாலும் நான்கு முகமூடிகள் இருக்கும். மூன்று பேருக்கு மூன்று போக, கூடுதலாக ஒன்று மடிக்குழந்தைக்கு. ஒரே பக்கத்தில் இரண்டு மடிக்குழந்தைகள் வந்தால் ஐந்து உயிர், நான்கு முகமூடி. 35,000 அடியில் கேபின் அழுத்தம் போனால் சுயநினைவோடு செயல்பட ஒரு நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. அதனால் இந்த விஷயத்தில் எந்த ஊழியரும் தளர்த்த மாட்டார்.

நீங்கள் எடுக்க வேண்டியது 'சி', 'டி' சீட்கள். இரண்டும் ஒரே வரிசையில் நடைபாதையின் இரண்டு ஓரங்கள். கையை நீட்டினால் பால் புட்டியை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு குழந்தைகளும் வேறு வேறு பக்கமாகிவிடும். காசு கட்டிய சீட்டை இப்போதே சேவை எண்ணில் சொல்லி மாற்றுங்கள்; விமான நிலையத்தில் கடைசி நேரத்தில் மாற்றினால் 'சி'யும் 'டி'யும் இருக்காது. மடிக்குழந்தை இருந்தால் சில நிறுவனங்கள் வெப் செக்-இன்னை முடிக்க விடாது, கவுன்ட்டருக்கு வரச் சொல்லும். வயதுச் சான்றை அசலாகக் கையில் வைத்திருங்கள். இரண்டு வயது நிறைந்துவிட்டால் மடி கிடையாது, தனி டிக்கெட்.

பின்னால் பெரிய விமானத்தில் வெளிநாடு போகும்போது முன்சுவரை ஒட்டிய வரிசையில் தொட்டில் கேட்பீர்கள். அதற்கு எடை வரம்பு உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புறப்படும்போதும் இறங்கும்போதும், பெல்ட் விளக்கு எரியும்போதும் குழந்தையைத் தூக்கி மடியில் வைக்க வேண்டும். அந்த வரிசையில் கைப்பிடி பொதுவாக மேலே மடங்காது, சாப்பாட்டுத் தட்டு அதற்குள்தான் இருக்கும். முன்னால் சீட் இல்லாததால் டயப்பர் பையைக் காலடியில் வைக்கவும் இடமில்லை. மேலே போட்டுவிட வேண்டும். குழந்தை தொட்டிலில் தூங்கும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும் அந்த வரிசையை எடுங்கள்.

கேள்வி: காசு கட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம். கணவன், மனைவி, 6, 10 வயதுப் பிள்ளைகள். எந்த நான்கை எடுப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் மொத்தக் கணக்கைப் போடுங்கள். சீட் கட்டணம் ஆளுக்கு, அதுவும் ஒவ்வொரு விமானத்துக்கும் தனி. ஒரு சீட் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கோவையிலிருந்து நேராகப் போய் வர 4 பேர், 2 விமானம், 3,200 ரூபாய். நடுவில் ஓர் ஊரில் மாறிப் போனால் 4 விமானம், 6,400. இணைப்பு விமானத்தில் முதல் பகுதிக்கு மட்டும் கட்டிவிட்டு, இரண்டாவதில் பிரிந்து போய் ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. பணத்தைக் கட்டிய பிறகு டிக்கெட்டில் ஒவ்வொரு விமான எண்ணுக்கும் எதிரே சீட் எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லோருக்கும் கட்ட வேண்டிய அவசியமில்லை என்பது எங்கள் கருத்து. அம்மாவும் சின்னவனும் ஒரு ஜோடி என்று இருவருக்கு மட்டும் எடுங்கள். அப்பாவும் பெரியவனும் தானாக ஒதுக்கப்படட்டும். பெரியவனுக்கும் 12 ஆகாததால் விதி அவனை அப்பாவோடு சேர்த்துவிடும். செய்யக் கூடாதது ஒன்று: அப்பா கால் நீட்ட வேண்டும் என்று அவருக்கு மட்டும் முன்வரிசையில் வாங்குவது. பிள்ளைகள் இருவருக்கும் அம்மா ஒருவர்தான் என்றாகிவிடும். ஒரு அம்மாவுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும் வரிசை கடைசி நேரத்தில் கிடைப்பது அரிது.

நான்கும் எடுப்பதென்றால் இரண்டு வழி. ஒரே வரிசையில் ஏ, பி, சி, டி என்று எடுத்தால் மூவர் ஒரு பக்கம், ஒருவர் நடைபாதைக்கு அந்தப் பக்கம். அல்லது 20-ஆம் வரிசையில் ஏ, பி. 21-ஆம் வரிசையில் ஏ, பி. ஆறு வயதுப் பிள்ளைக்கு இரண்டாவதே நல்லது. காலை ஆட்டி முன் சீட்டை உதைப்பது அந்த வயதுக்கு இயல்பு. உதைபடுவது அப்பாவின் முதுகாக இருந்தால் சண்டை வராது. அப்பாவை 20-இலும் சின்னவனை அவருக்கு நேர் பின்னால் 21-இலும் போடுங்கள்.

அவசர வழி வரிசை காலுக்கு இடம் தாராளம் என்று அதைத் தொடாதீர்கள், குழந்தைகளை அங்கே விடமாட்டார்கள். கடைசி வரிசை பல விமானங்களில் சாயாது, கழிப்பறை வரிசை தலைக்கு மேல் நிற்கும். போயிங் 737-இல் இடப்பக்கம், இறக்கைக்குச் சற்று முன்னால், ஓரிடத்தில் ஜன்னலே இருக்காது. குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் மேலே போகும் இடம் அது. ஜன்னல் சீட் விலை கொடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் சுவரைப் பார்த்துக்கொண்டு போகும் பிள்ளையின் முகத்தை யார் சமாதானப்படுத்துவது? வாங்கும் முன் இணையத்தில் அந்த விமானத்தின் சீட் படத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 74 வயது அப்பா, 69 வயது அம்மா. இருவரும் மட்டும் முதல் முறையாகப் போகிறார்கள். முதியோருக்கு விதி எதுவும் இல்லையா?
— வாசகர், மதுரை

பதில்: குழந்தைகளுக்கு இருப்பதைப் போன்ற விதி இல்லை. இங்கே காசைக் கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வோம். பெல்ட் பூட்டத் தெரியாமல், யாரிடம் கேட்பது என்று கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்குப் பக்கத்தில் துணை இருப்பது சில நூறு ரூபாய்க்கு மலிவு. 'பி', 'சி' எடுங்கள். அடிக்கடி எழுந்து போக வேண்டியவர் 'சி'யில் உட்காரட்டும். நடப்பதில் சிரமம் இருந்தால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே பதிவு செய்யுங்கள்; அப்போது விட்டுப்போனால் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லிவிட வேண்டும். துணைக்கு வருபவருக்குப் பக்கத்து சீட் வேண்டும் என்பதையும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறம். 4, 7, 12 வயதில் மூன்று பிள்ளைகள். கோடைக்கு சென்னை போய், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற எண்ணம். சென்னை மட்டும் ஒரு ரிக்கற், யாழ்ப்பாணத்துக்கு வேறு. சீற்றுக்குத் தனியாகக் காசு கட்ட வேணுமா?
— வாசகர், ரொறன்ரோ

பதில்: உங்களுக்கு இருக்கும் விதி இந்திய விதியைவிடத் தெளிவானது. கனடாவின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதிகளில் குழந்தைகள் சீட் பற்றிய பகுதி 2019 டிசம்பர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. 5 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோரின் பக்கத்து சீட். 5 முதல் 11 வரை அதே வரிசை, நடுவில் ஒரு சீட்டுக்கு மேல் இடைவெளி கூடாது. 12, 13 வயதுக்காரர் ஒரு வரிசைக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது. இதற்குக் கூடுதல் கட்டணமும் கூடாது. கனடாவிலிருந்து புறப்படும், கனடாவுக்கு வந்து சேரும் விமானங்களுக்கு இது பொருந்தும். நிறுவனம் எந்த நாட்டுடையது என்பது பிரச்சினையில்லை. உங்கள் நாலு வயதுக்காரர் பக்கத்தில், ஏழு வயதுக்காரர் அதே வரிசையில், பன்னிரண்டு வயதுக்காரர் முன்னாலோ பின்னாலோ ஒரு வரிசையில்.

நடுவில் மாறும் விமானத்துக்கும் போர்டிங் பாஸை ரொறன்ரோ கவுன்ட்டரிலேயே வாங்கி, அங்கேயே எண்களைச் சரிபாருங்கள். நள்ளிரவில் மாறும் நிலையத்தில், தூங்கி விழும் பிள்ளைகளோடு கவுன்ட்டர் தேடுவது கொடுமை.

சென்னை - யாழ்ப்பாணம் தனி ரிக்கற் என்பதால் கனடா விதி அங்கே கூட வராது. ஐந்து பேரையும் ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். அந்த வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். சின்ன விமானத்தில் நடைபாதைக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு சீட். நடு சீட் என்பதே கிடையாது. ஒரே வரிசையில் நாலு பேர் அடங்கிவிடுவீர்கள். ஏறுவது வால் பக்கக் கதவால், அதனால் பின்வரிசைக்காரர்தான் முதலில் உட்காருவார். ஆட்கள் குறைவாக இருந்தால், 'இடம் காலியாக இருக்கிறதே' என்று கேட்காமல் மாறி உட்காராதீர்கள். சின்ன விமானத்தில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது எடைக் கணக்கில் சேர்ந்தது.

கேள்வி: காசு கட்டி ஜன்னல் சீட் எடுத்திருந்தேன். ஒரு குடும்பம் வந்து மாறச் சொன்னது. மறுத்ததற்கு எல்லோரும் முறைத்தார்கள். நான் செய்தது தப்பா?
— வாசகர், சேலம்

பதில்: தப்பில்லை. ரயிலில் 'அண்ணே, கொஞ்சம் அந்த பெர்த்துக்கு மாறிக்கிறீங்களா' என்று கேட்பது நம் ஊர் வழக்கம். அங்கே யாரும் பெர்த்துக்குத் தனிவிலை கொடுப்பதில்லை. இங்கே கொடுத்திருக்கிறீர்கள். கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்களிடம் இருக்கும் நல்ல சீட்டைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். 27-ஆம் வரிசை நடு சீட்டைக் காட்டி 6-ஆம் வரிசை ஜன்னலைக் கேட்டால் யார் எழுந்திருப்பார்?

கேள்வி: நான்கு சீட்டுக்கும் காசு கட்டியிருந்தோம். புறப்படும் அன்று வேறு விமானம் மாற்றியதால் சீட் எல்லாம் கலைந்துவிட்டது. பணம் திரும்புமா? திரும்பாவிட்டால் எங்கே புகார் செய்வது?
— வாசகி, வேலூர்

பதில்: நீங்களாக டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் சீட் கட்டணம் போனது போனதுதான். நிறுவனமே விமானத்தை மாற்றி, நீங்கள் வாங்கியதைத் தராமல் விட்டால் திரும்பக் கேட்கலாம். நிறைய பேர் கேட்பதே இல்லை, அதுதான் பிரச்சினை. பழைய சீட் எண்கள் இருக்கும் பணரசீது, புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிட்டால் ஆதாரம் போய்விடும்.

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில். தொலைபேசியில் பேசினாலும் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள். சரிப்படவில்லையென்றால் அந்நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு. பெயரும் மின்னஞ்சலும் அவர்களுடைய தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதற்கடுத்து மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார் தளமான ஏர்சேவா. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். சீட் கட்டாயம் என்பது போல ஏமாற்றும் பக்கம் காட்டியிருந்தால், அந்தத் திரையின் படத்தையும் சேருங்கள். இணையதளங்களின் இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகளுக்கு எதிராக 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டு, 13 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. கேட்காததைக் கூடையில் சேர்ப்பதும், விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் காட்டுவதும் அதில் இருக்கின்றன.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதற்கு, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. நான்கு சீட் காசுக்காக அவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படாது. நோடல் அதிகாரிக்கு எழுதும் கடிதத்தில் பி.என்.ஆர்., விமான எண், தேதி, கட்டிய தொகை, கிடைக்காத சீட் எண்கள் என்ற ஐந்தும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். விமானப் பணிப்பெண் எப்படிப் பேசினார் என்பதைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம்.